குஞ்சு கத்தாத வீடு

என் தங்கை மேர்சியைப் பற்றிக் குருநகரில் யாராவது ஒரு குறை சொல்லட்டும், பார்க்கலாம். முதலில் என் வாயைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அவள் புருஷன் கனிசியஸ் கடலட்டைக்குச் சுழியோடியவர். ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்ததில் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் போட்டதோடு குரலும் போய்விட்டது. வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும். மேர்சி அவரைக் கழுவித் துடைத்துப் பார்த்தாள். பிழைப்புக்கு, வீட்டுக்குப் பின்னால் கரையில் கருவாடு காயப்போட்டாள்.

அவளுக்குத் துணை ஒரு கிளி. பெயர் குஞ்சு. வேலிக்கு மேலால் நான் நாள் முழுக்க “எடியே மேர்சி!” என்று கத்துவதைப் பிடித்துக்கொண்டது. கனிசியஸ் உதட்டைக் குவித்து ஊதினால் போதும், என் குரலிலேயே ஊரைக் கூட்டும். போன மாரியில் சளி அடைத்து அவருக்குக் கண் செருகியபோதும் அது கத்தித்தான் மேர்சி ஓடிவந்தாள். கடவுள் எனக்குத் தந்த தொண்டை அன்றைக்குத்தான் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது.

அந்தக் குஞ்சு திடீரென்று தீன் எடுக்காமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு குந்திவிட்டது. கொவ்வைப்பழம் வைத்தாள், தொடவில்லை. சத்தமே இல்லை. மிருக வைத்தியரிடம் கொண்டோடினாள். அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, என்ன வருத்தமெண்டு எனக்குப் பிடிபடேல்லை. இந்தத் துளிமருந்தைக் குடுத்துப் பாருங்கோ.”

மருந்தும் கேட்கவில்லை. மேர்சி கருவாட்டைக் காகங்களுக்கு விட்டுவிட்டு, கட்டிலுக்கும் கூட்டுக்கும் நடுவே கிடந்தாள்.

“இவரைத் தனிய விட்டிட்டுக் கரைக்குப் போகேலாது. போகாட்டி அடுப்பெரியாது. நான் என்ன செய்ய, அக்கா?” என்று அழுதாள்.

பக்கத்து வீட்டு ஸ்ரெல்லா, கிளிக்கு நாவூறு என்று சொல்லி, செத்தல் மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டாள். புகையில் கனிசியஸ் மூச்சுத் திணறிப்போனார்.

“எடி விசரி! கிளிக்கு நாவூறு கழிக்க மனுசனைக் கொல்லப்போறியோ?” என்று நெருப்புச் சட்டியோடு அவளைத் துரத்திக் கலைத்தேன்.

அடுத்த நாள் குஞ்சுக்குத் தலையையும் நிமிர்த்த முடியவில்லை. மேர்சி முக்காட்டை எடுத்துப் போட்டாள்.

“அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சிட்டு ஓடி வாறன், அக்கா. ரெண்டு பேரையும் பாத்துக்கொள்ளுங்கோ.”

“ஓம், நீ கோயிலுக்குப் போட்டு வா. நான் இஞ்சைதான் இருக்கிறன்.”

விறாந்தையில் குந்தி நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தமில்லை. இரண்டும் நித்திரையாக்கும் என்று நினைத்தேன்.

மேர்சி திரும்பி வந்து அறைச்சீலையை விலக்கியதும், “ஐயோ, மாதாவே!” என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். குஞ்சு கூட்டின் அடியில் விறைத்துக் கிடந்தது. கனிசியஸின் முகமெல்லாம் கண்ணீர். அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. மேர்சி குனிந்து காதை வைத்துக் கேட்டாள்.

“அக்கா, குஞ்சு கிடந்து துடிக்கேக்கை இவர் உங்களைக் கூப்பிட்டவராம். கன நேரமாம்.”

“எனக்கொண்டும் கேக்கேல்லையடி,” என்றேன்.

அவள் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். புருஷனின் முகத்தைத் துடைத்தபடியே சொன்னாள்:

“இனி இவருக்கு மூச்சடைச்சாலும் இப்பிடித்தான், அக்கா.”