முதல் வெள்ளத்தைப் போகவிடச் சொன்னவர்

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். மடியில் பனியன்களைப் போட்டுப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் கம்பெனி வாட்ச்மேன் போனில் கூப்பிட்டார். "அம்மா, நம்ம செல்வின் சார் தவறிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க" என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். "ஏனுங்க, நேத்து மத்தியானம் நம்ம குளத்துக் கரையில நின்னு மோர் வாங்கிக் குடிச்ச மனுசனுங்க அவரு. நல்லா விசாரிச்சுட்டுப் பேசுங்க" என்றேன். அவர் அழுதார். பிறகுதான் நம்பினேன்.

கம்பெனி இன்ஜினீயர் செல்வின் தம்பிக்கு வயது நாற்பத்து மூன்று. எனக்கு அறுபத்தெட்டு. குளக் குழுவில் என்னோடு மண் சுமந்த உங்களுக்கும், கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் இந்த இரங்கல் கூட்டத்தில் படிக்க இதை எழுதுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். பேத்தி எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது என் கையால்தான் எழுதப்பட வேண்டும்.

அவர் முதலில் வந்த நாளில் நாம் பேசிய பேச்சை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. வெளியூர் ஆற்றிலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவந்து சாயப்பட்டறைகளுக்கு விற்கும் கம்பெனி, நம் குளத்தைச் சீர்படுத்த இயந்திரமும் இன்ஜினீயரும் தருகிறதாம், ஊர் ஆள் தந்தால் போதுமாம் என்றதும் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. "தண்ணி விக்கறவங்களுக்குக் குளத்து மேல என்னங்க சார் திடீர்ப் பாசம்?" என்று சரசு நேராகவே கேட்டாள். அவர் கோபப்படவில்லை. "ஆமாக்கா, விக்கிறோம்தான். சாயத்துல கெட்ட உங்க நொய்யல் ஆறு நல்லாயிட்டா கம்பெனியைப் பூட்டிருவாங்க. நானும் எங்க ஊருக்குப் போயி பனங்கிழங்கு தின்னுக்கிட்டுக் கெடப்பேன். அதுக்காகவாவது செய்வோம்" என்றார். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்றைக்கே நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். என்னைத் தலைவியாக்கினார்கள். அந்தப் பதவியில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உங்களுக்குத் தெரியும்.

சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்தோம். வாய்க்காலில் அடைத்துக் கிடந்த பனியன் துணிக் கழிவை வண்டி வண்டியாக அள்ளினோம். குளத்தின் நடுவே பறவைகளுக்கென்று மண்மேடு போட்டு நாட்டுக் கருவேலங்கன்று வைத்தோம். கோடை மழைக்குக் கொஞ்சம் தண்ணீர் நின்றது. ஒருநாள் தம்பி எங்களை உட்காரச் சொல்லி வாயில் விரல் வைத்தார். முக்குளிப்பான் பறவை ஒன்று தன் இரண்டு குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தியது. "பஸ்ஸாட்டம் ஏத்தீட்டுப் போகுதுங்க. டிக்கெட்டு யாருங்க சார் குடுக்கறது?" என்றாள் சரசு. "சத்தம் போடாதீங்கக்கா, கண்டக்டர் முறைக்காரு" என்றார் தம்பி.

ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். மழை பெய்தால் சில பட்டறைகள் தேக்கி வைத்த சாயக்கழிவை வெள்ளத்தோடு வெள்ளமாகத் திறந்துவிடும். அதனால் முதல் வெள்ளத்தைக் குளத்துக்குள் விடவே கூடாது. "வெள்ளை பனியன் துணியை நனைச்சுப் பாருங்க. வெள்ளையாவே இருந்தா மதகைத் தொறங்க. கலர் பிடிச்சா எத்தனை நாள் ஆனாலும் தொடாதீங்க. உங்க ஊருக்குன்னே செஞ்ச மீட்டர் இது" என்பார்.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று தம்பி ஊருக்குப் போயிருந்தார். ஊரே மதகடியில் கூடிவிட்டது. போன வருசம் வெள்ளம் ஒரே நாளில் வடிந்துபோனது எல்லோருக்கும் நினைவிருந்தது. "தலைவியம்மா, தண்ணி போகுதுங்க, பாத்துட்டே நிக்கறீங்களே!" என்று நாலு பக்கமும் குரல். தம்பி போனில் கூப்பிட்டு, "ரெண்டு நாள் போகட்டும்மா, தொறக்காதீங்க, சொல்லுதேன் கேளுங்க" என்று கத்தினார். அது என் காதில் மட்டும்தான் விழுந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் இறங்கித் துணியை நனைத்தேன்.

துணி லேசான ஊதாவாக மாறியது.

அதைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன். மேலே ஏறி வந்து, "வெள்ளையாத்தான் இருக்குது, தொறங்க" என்றேன். என் காலத்தில் குளம் நிரம்பியது என்று ஊர் சொல்ல வேண்டும். வேறு காரணம் இல்லை. குலவை போட்டீர்கள். எனக்கு மாலை போட்டீர்கள். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மீன்கள் மிதந்தன. முக்குளிப்பானைக் காணோம். குஞ்சுகளையும் காணோம்.

கம்பெனி மேலதிகாரி விசாரிக்க வந்தார். "யார் திறக்கச் சொன்னது?" என்று கேட்டார். ஊரிலிருந்து திரும்பியிருந்த தம்பி என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. "நான்தான் சார், போன்ல சொன்னேன்" என்றார். நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள். "ஊர்ல உக்காந்துட்டுத் தொறக்கச் சொன்னா இப்படித்தான்" என்று சிலர் அவர் காதுபடவே ஏசினீர்கள். நான் பேசாமல் நின்றேன். அவரைக் குளத்து வேலையிலிருந்து எடுத்துக் குழாய் ரோந்துக்கு மாற்றினார்கள்.

ஆனாலும் ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் அருள்புரத்திலிருந்து வண்டியில் வந்துவிடுவார். கெட்ட தண்ணீரை வடித்தோம். இரண்டு மழைக்காலம் காத்திருந்து நல்ல தண்ணீர் விட்டோம். பறவைகள் திரும்ப வந்தன. ஒருநாள் தனியாக இருந்தபோது, "தம்பி, அன்னைக்கு அந்தத் துணி..." என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. "விடுங்கம்மா. நான் போனா வேற இன்ஜினீயர் வருவாரு. நீங்க போனா குழு கலைஞ்சிரும். குளந்தானே முக்கியம்?" என்றார். அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியாகவும் இருந்தது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். என்னை யாரென்று சொன்னதும் எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். "குளத்துக்கார அம்மாவா? எம் மவனால உங்க குளம் பாழாப் போச்சாமே தாயி. பொறுத்துக்கிடுங்க. மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாம அவனை அனுப்பி வைங்க" என்றார்.

பெற்ற தாயிடமும் அவர் உண்மையைச் சொல்லவில்லை.

அங்கேயே, அத்தனை பேர் நடுவில், அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். துணி ஊதாவாக மாறியதை, நான் மறைத்ததை, திறக்காதீங்க என்று அவர் கத்தியதை. அந்த அம்மா என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அடிக்கவில்லை. மகனின் பக்கம் திரும்பி அவர் கன்னத்தைத் தடவினார். "ஊர்த் தண்ணியக் கெடுத்த பயலேன்னு உன்னிய எத்தனை தடவை ஏசியிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாலே?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு அதற்குமேல் அங்கே நிற்கத் தெரியவில்லை.

குளம் இன்றைக்கு நிரம்பியிருக்கிறது. அது அவர் செய்தது. மீன் செத்தது நான் செய்தது. தலைவி பதவியை இந்தக் கூட்டத்தோடு விட்டுவிடுகிறேன். குழு கலையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. செல்வின் தம்பியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். இத்தனை வருசம் அவர் எனக்காகச் சுமந்த பழியை அவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறேன். இனி யாராவது அந்த வருசத்தைப் பற்றிப் பேசினால், தயவுசெய்து என் பெயரைச் சொல்லுங்கள்.