கையொப்பமிட்ட தாளைக் காட்டுங்கள்

ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக்கு அவ்விரு இளைஞரும் அந்த வாரத்தில் மூன்றாம் முறையாக வந்தனர். கடன் வழங்கும் நிறுவனமொன்றுக்காக நிலுவை அறவிடுபவர்கள். மூதூர் மீனவர் ஒருவர் படகு இயந்திரத்துக்காகப் பெற்ற கடனுக்கு நான் பிணை நின்றேனாம். அவர் தவணை செலுத்தாமையால் மாத முடிவுக்குள் முழுத்தொகையையும் நானே செலுத்த வேண்டுமாம். என் மனைவியின் வலக்கண் அறுவைக்கென ஓய்வூதியத்திலிருந்து ஒதுக்கிவைத்த பணம் முழுவதையும் அது விழுங்கிவிடும்.

“ஒப்பந்தத்தைக் காட்டுங்கோ தம்பி,” என்றேன்.

“அது கொழும்பில இருக்கு சேர்,” என்றார் மூத்தவர்.

“மூண்டு தரம் வாறதுக்குப் பெற்றோல் இருக்கு, ஒரு கடதாசி வாறதுக்கு வழியில்லையோ?” என்று உள்ளிருந்து மனைவி கேட்டாள்.

இளையவர் கைபேசியை நீட்டினார். திரையில் ஒரு கையொப்பம் மட்டும் இருந்தது. சுற்றியுள்ள யாவும் வெட்டப்பட்டிருந்தன. ஐயமின்றி என் கையொப்பமே.

அக்கணம் முதல் என் மனம் நிலைகொள்ளவில்லை. பிணை நிற்கவில்லை என்று உறுதியாக மறுக்க என்னால் இயலவில்லை. நான் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், சமாதான நீதவானும்கூட. பிரதிகளை உறுதிப்படுத்த நாள்தோறும் எவரேனும் தாள்களோடு வாயிலில் நிற்பர். வந்தவரின் முகத்தைப் பார்ப்பேனேயன்றித் தாளைப் படிப்பதில்லை. படித்தால் அவரை ஐயுறுவதாகும் என்றோர் எண்ணம்.

“அப்ப ஒண்டு செய்வம் சேர்,” என்று மூத்தவர் புதிய தாளொன்றை எடுத்தார். “இதில ஒரு ஒப்பம் வையுங்கோ. வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேப்பம்.”

பழக்கத்தால் என் கை பேனையைத் திறந்துவிட்டது. மனைவி அருகே வந்து நின்றாள்.

“உந்தக் கடதாசியை வாசிச்சனீங்களே?”

வாசித்தேன். பிணையாளியாகிய நான் இக்கடனை ஏற்றுக்கொள்கிறேன் என்றிருந்தது.

“ஏற்கெனவே ஒப்பம் வைச்சனான் எண்டால், இது எதுக்குத் தம்பி?”

இளையவர் மூத்தவரைப் பார்த்தார். வியாழக்கிழமை ஒப்பந்தத்தோடு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டனர்.

வியாழன் வந்தது, அவர்கள் வரவில்லை. அதனால் நிம்மதி உண்டாகவில்லை. தேடி எடுத்துவிட்டால் என்ன செய்வது? கதிரையில் அமர்வதும் எழுவதுமாக இரண்டு நாள் கழிந்தன. சனிக்கிழமை, அவர்கள் சொல்லியிருந்த விலாசத்தைத் தேடி மூதூருக்குப் பேருந்து ஏறினேன்.

என் வெள்ளைச் சட்டையை வேலிக்கப்பால் கண்டதும் மீனவர் வீட்டினுள் மறைந்தார். அவர் கடலுக்குப் போய்விட்டதாக அவருடைய மனைவி சொன்னார். காசு கேட்க வரவில்லை என்று நான் உரத்துச் சொன்ன பின்னரே மீனவர் வெளியே வந்தார்.

“குறை நினைக்காதீங்க சேர். அவங்கதான் ஆளை மாத்தி அனுப்பியிருக்காங்க எண்டு நினைச்சன்.”

“நான் உங்களுக்குப் பிணை நிண்டனானோ?”

“நீங்களா? இல்ல சேர். அடையாள அட்டைக் கொப்பியிலதானே சீல் குத்தி ஒப்பம் வச்சீங்க. பிணைக்கு நிண்டது மாமாவும் மச்சானும். மாமா மௌத்தாகிட்டார். மச்சான் கட்டார்ல.”

விளங்கியது. பிணையாளிகளில் ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் வெளிநாட்டில். நிறுவனத்திடமிருந்த தாள்களில் எட்டிப் பிடிக்கத்தக்க ஆள் நான் ஒருவனே. முத்திரையை வெட்டிவிட்டுக் கையொப்பத்தை மட்டும் காட்டியிருக்கிறார்கள்.

நிகழ்ந்தவற்றை அன்றே எழுதி, திங்களன்று அந்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரத்தின் பின் கிளை முகாமையாளர் தொலைபேசியில் அழைத்தார்.

“உங்கட பேரை எடுத்திட்டம் சேர். இனி ஒருத்தரும் வரமாட்டினம்.”

“அதை எழுதி, ஒப்பம் வைச்சு அனுப்புங்கோ.”

“அப்பிடிக் குடுக்கிற வழக்கம் எங்களிட்ட இல்லை சேர்.”

அக்கடிதம் இன்றுவரை வரவில்லை. அது கிடைக்கும்வரை பணத்தைத் தொட வேண்டாம் என்றேன், மனைவி இசையவில்லை. தொலைபேசி வந்த மறுநாளே என்னை வங்கிக்கு அழைத்துச் சென்று, எடுத்த பணத்தை மருத்துவமனையிற் கட்டச் செய்தாள்.

“இனி வந்தால் என்ர கண்ணைத்தான் கழட்டிக்கொண்டு போகவேணும்,” என்றாள், பற்றுச்சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தபடி.