உடையப்பன் நாடு பார்த்த கதை

மலேசியாவில், கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கிராணியாக, அதாவது சாமான் கணக்குக் குமாஸ்தாவாக இருந்தவர் உடையப்பன். சாமான் அறையில் ஒரு மண்வெட்டிப் பிடி குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. 1984 டிசம்பரோடு வேலை ஓய்வு. தோட்டம் கொடுத்த வீட்டையும் அன்றே காலி செய்ய வேண்டும். சேமநிதிப் பணத்தை வங்கியில் போட்டால் மாதம் முந்நூற்றைம்பது வெள்ளி வட்டி வரும். டவுனில் வீட்டு வாடகைக்கே நூற்றைம்பது போய்விடும். மிச்சத்தில் அவரும் மனைவி அமராவதியும் எப்படிக் காலம் தள்ளுவது?

"வெளிநாடு போயிடுவோம்" என்றார் ஒருநாள்.

"ஏன், கோலாலம்பூர் கசக்குதா?"

"அங்க இன்னும் வெலை. மலிவான நாடாப் பாத்துப் போவோம் லா."

ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் தாளொன்றின் பின்பக்கத்தில் மூன்று பத்தி போட்டார்: இந்தியா, சயாம், இந்தோனேசியா. அரிசி, வாடகை, மருந்து, மண்ணெண்ணெய் என்று வரிசையாகக் கீழே இறங்கினார்.

சயாமை, அங்கே போய்வந்திருந்த தோட்டத்து லோரிக்காரர் தங்கராஜு ஒரே பேச்சில் அடித்துவிட்டார். "ஹாட்யாய்ல சாப்பாடு சல்லிசுதான் கிராணியாரே. ஆனா பாஷை தெரியாம, உப்பு வேணும்னா நாக்கத் தொட்டுக் காட்டணும். ரெண்டு தடவ காட்டுனேன், ஐஸ்கிரீம் கொண்டாந்து வச்சான்."

இந்தியாவுக்குப் பத்தி நிரப்ப, திருச்சி ஜில்லா துறையூர்ப் பக்கம் இருந்த பெரியப்பா மகன் ரெங்கசாமிக்குக் கடிதம் போட்டார். அரிசி என்ன விலை, வீடு என்ன வாடகை என்று மட்டும்தான் கேட்டிருந்தார். பதில் வந்தது. கூட்டிப் பார்த்தார், மாதம் நூறு வெள்ளிக்குள் முடிந்தது. "ராஜா மாதிரி இருக்கலாம்" என்று தொடையைத் தட்டினார்.

மூன்றாவது வாரம் தபால்காரர் ஒரு கட்டு நீலக் கடிதங்களை நீட்டினார். மலாயாக்காரர் அரிசி விலை விசாரிக்கிறார் என்றால் மூட்டை கட்டிவிட்டார் என்றுதானே அர்த்தம்? ஊரே எழுதியிருந்தது. அமராவதி ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"நவமணிக்கு ரெண்டு நைலான் சேலை. ஒங்க சின்னம்மாவுக்குக் கோடாலித் தைலம், ஒரு டஜன். இது யாரு நல்லசாமி? மக சடங்குக்கு மூணு பவுன்ல சங்கிலியாம், 'தாய்மாமன் முறை' போட்டிருக்கு."

"நல்லசாமியா? யாருன்னே தெரியலயே!"

"அவருக்கு ஒங்கள நல்லாத் தெரியுது. எழுபத்திரண்டுல ஊருக்குப் போனப்ப, திரும்பி வர்றதுக்குள்ள கைக்கடியாரம், பெல்ட்டு, கடைசியில கால்ல கெடந்த சப்பாத்து வரைக்கும் கழட்டிக் குடுத்துட்டு, வெறுங்காலோட பிளேன் ஏறுனீங்களே, அந்தச் செலவு எந்தப் பத்தியில இருக்கு?"

உடையப்பன் பென்சிலை எடுத்து 'உறவு' என்று ஒரு வரி சேர்த்தார். கூட்டினார். மலிவான நாடு மாதம் ஐந்நூறைத் தாண்டி நின்றது.

"இந்தோனேசியாவுல, மேடான்ல நமக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாள் அமராவதி.

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப அதான் மலிவு. யாருக்கும் கடுதாசி போடாதீங்க. நேராப் போய்ப் பாப்போம்."

ஜனவரியில் பினாங்கு போய் விமானம் ஏறினார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாட்டைவிட்டு வெளியே வந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டு திரும்ப வேண்டுமாம்; அந்தப் பயணச் செலவுக்கும் ஒரு வரி போட்டார். அப்படியும் முந்நூறுக்குள் அடங்கியது. மேடான் பசாரில் அமராவதி மலாய் மொழியில் பேரம் பேசிய பேச்சில், மீன்காரன் கெளுத்தியோடு இரண்டு எலுமிச்சம்பழத்தையும் போட்டுக் கொடுத்தான்.

வீடும் அமைந்தது. சின்ன வீடு, கிணற்றடி உண்டு. வீட்டுக்காரி காளியம்மா அந்த ஊரிலேயே பிறந்த தமிழ்க்கிழவி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "பூர்வீகம் எந்தப் பக்கம் தம்பி? நாங்களும் திருச்சி சில்லாதான். பேசிப் பாத்தா சொந்தமாக்கூட இருப்போம்."

உடையப்பனுக்கு நல்லசாமியின் மூன்று பவுன் சங்கிலி நினைவுக்கு வந்தது. அமராவதி முழங்கையால் இடித்தாள்.

"கோலசிலாங்கூர்ம்மா."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தியும் கோலசிலாங்கூர்தாம்மா" என்று சொல்லிவிட்டு, சாவிக்குக் கையை நீட்டினார்.