சூலூர்க்காரர் விற்ற லென்ஸ்

நல்ல லென்ஸை எவராவது விற்பாரா? சூலூரில் விசைத்தறி ஓட்டும், என் வயதுக்காரரான ஒருவர், பறவைப் படம் எடுக்கும் தன்னுடைய 600 எம்.எம். லென்ஸை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். நான் சந்தேகப் பேர்வழி. தக்காளி வாங்கினாலும் நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன்.

அவர் நடந்துகொண்ட விதமும் சரியில்லை. லென்ஸைக் கேமராவில் மாட்டி ஒருமுறைகூடத் தன் கண்ணில் வைத்துப் பார்க்கவில்லை. "நீங்களே எடுத்துப் பாருங்க" என்று என் கையில் திணித்தார். "முன்னால ஃபில்டர் கண்ணாடி கிது போட்டுறாதீங்க, வெயிலு மறைக்கற ஹூடே போதுமுங்க" என்று வேறு சொன்னார். எதையோ மறைக்கிறார் என்று முடிவுகட்டினேன். "ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. புடிக்கலீன்னா கொண்டாந்து குடுத்துப்போடுங்க" என்றதால்தான் துணிந்து வாங்கினேன்.

வேண்டாம் என்று அவர் சொன்னதாலேயே மலிவாக ஒரு ஃபில்டர் கண்ணாடி வாங்கி லென்ஸின் முகப்பில் திருகினேன். உக்கடம் குளக்கரையில் ஐந்து நாள் காலையில் போய் நின்றேன். முக்காலியில் வைத்துப் பார்த்தேன், கையில் பிடித்துப் பார்த்தேன், ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். கூழைக்கடாவின் அலகு, நாமக்கோழியின் நெற்றி எல்லாமே மங்கல். இளிச்சவாயன் கிடைத்தான் என்று தலையில் கட்டிவிட்டார்! ஆறாம் நாள் லென்ஸைத் திருப்பிக் கொடுக்க சூலூர் பஸ் ஏறினேன். கேட்க வேண்டியதை எல்லாம் வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

"தெரிஞ்சேதான் என்ற தலைல கட்டினீங்களா?" என்றேன். தறிச் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. லென்ஸின் முகப்பை விரலால் தடவினார். "ஏனுங்க, இதுமேல கண்ணாடி போட்டிருக்கறீங்களா?" என்று கேட்டு, ஃபில்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்து வெளியே கூட்டிப்போனார். "அந்தக் கரண்டுக் கம்பியில எப்பவும் ஒரு கரிச்சான் உக்காந்திருக்குமுங்க. எடுங்க."

எடுத்தேன். திரையில் பெரிதாக்கினால் கரிச்சானின் கண்ணில் விழுந்த வெளிச்சப் புள்ளிகூடத் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கேமராவை அவரிடம் நீட்டினேன்.

அவர் அதை முகத்தருகே வைத்து, கோழி பார்ப்பதைப் போலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"நடுவுல கருப்பா மறைக்குதுங்க. ரெண்டு கண்ணுலயும். ஓரமாத்தான் கொஞ்சம் தெரியும்" என்றார். பிறகு, "வாலு ரெண்டாப் பிரியறது தெரியுதுங்களா?" என்று கேட்டார்.

"தெரியுதுங்க."

"நுனி வெளிப்பக்கமா வளைஞ்சிருக்குதுங்களா?"

"வளைஞ்சிருக்குதுங்க."

நான் சொன்னதை எல்லாம் அவர் அப்படியே நம்பினார்.