அரை மணி முந்திய கடிகாரம்

அம்மா, இப்ப போகாதீங்க. நான் கதைச்ச பிறகு எது நடந்தாலும் நடக்கட்டும். அதுக்கு முன்னம் போகாதீங்க.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள்தான் சொன்னேன். ஆனால் அந்த இரவு, யாரோ அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று இன்றும் நம்புகிறேன். நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கட்டும். நடந்தது எனக்கு. சோடித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

2009 டிசம்பர். கனடாவில், மொன்றியல் நகரின் லாசாலில் மூன்றாம் மாடி வீடு. அம்மாவுக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன், அங்கே காலை ஆறரைக்கு. இங்கே அது முதல்நாள் இரவு எட்டு மணி. அதற்கு முன் தம்பி றொஷான் ஃபோனை அம்மாவின் காதில் வைப்பதாகச் சொல்லியிருந்தான். நேரம் தவறக்கூடாது என்பதற்காகத்தான் என் புது ஃபோனில் ஒரு கடிகார விட்ஜெட்டைப் போட்டேன். திரையில் இரண்டு வட்டங்கள். ஒன்று மொன்றியல். மற்றது ஊர். மட்டக்களப்பு பட்டியலில் இல்லை, கொழும்பைத் தெரிவுசெய்தேன்.

இரவு ஏழு மணி. ஊரில் ஐந்தரையாக இருக்க வேண்டும். அது ஆறு காட்டியது.

என் கணவர் சாம்பவனுக்கு லவாலில் இரவு வேலை. வீட்டு ஃபோனில் அவரைக் கூப்பிட்டேன்.

"நேரம் பிழையாக் காட்டுதப்பா. அரை மணித்தியாலம் கூட."

"அது பழைய கூத்து. ரெண்டாயிரத்து ஆறில ஊரில மணிக்கூட்டைப் பின்னுக்கு வைச்சது உந்தச் சாமானுக்குத் தெரியாது. அழிச்சுப்போட்டுத் திருப்பிப் போடு."

"ரெண்டு தரம் போட்டுட்டன்."

"அப்ப அரை மணியைக் கழிச்சுப் பார். விரல் இல்லையே உனக்கு? எனக்கு வேலை கிடக்கு."

வைத்துவிட்டார்.

அவர் சொன்னது சரி. போர்க்காலத்தில் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. புலிகள் இயக்கம் மாற்றவில்லை. அரசாங்கத்தின் எழுவான்கரையில் ஒரு நேரம், வாவிக்கு அந்தப் பக்கம் இயக்கத்தின் படுவான்கரையில் இன்னொரு நேரம். மணி கேட்டால், "புது நேரமா, பழைய நேரமா?" என்று திருப்பிக் கேட்போம். பத்து வருடம் அப்படி வாழ்ந்தோம். ஒரு சின்ன விட்ஜெட் குழம்புவதில் என்ன அதிசயம்?

மூன்றாம் முறை அழித்தேன். பற்றரியைக் கழற்றி, திரும்பப் போட்டேன். ஃபோன் உயிர்பெற்றது.

விட்ஜெட் அங்கேயே இருந்தது. நான் அதை இன்னும் திரும்பப் போடவே இல்லை.

இப்போது ஒரே ஒரு வட்டம். மொன்றியல் இல்லை. ஊர்ப் பெயர் இருந்த இடம் வெறுமை.

டிக்… டிக்… டிக்…

சத்தம் வைக்கிற வசதியே அதில் கிடையாது. தேடிப் பார்த்திருந்தேன்.

ஹீற்றர் சத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். குனிந்து காது வைத்தேன். ஹீற்றர் குளிர்ந்து கிடந்தது. ஃபோன் சுட்டது.

வட்டத்தில் ஆறரை ஆனது. உண்மையில் ஊரில் ஆறு மணி.

ஃபோன் அடித்தது. இலக்கம் இல்லை. திரையில் கடிகாரம் மட்டும்.

"சுதா."

அம்மாவின் குரல்.

"அம்மா! நோகுதாம்மா?"

"போறன்."

என் அம்மா முச்சந்திக் கடைக்குப் போனாலும் 'போயிட்டு வாறன்' என்றுதான் சொல்லுவார். 'போறன்' என்று நாங்கள் சொன்னால் வாயில் அடிப்பார்.

"போயிட்டு வாறன் எண்டு சொல்லுங்கம்மா."

டிக்… டிக்…

"போறன். ஓம் எண்டு சொல்லு."

"என்னத்துக்கு ஓம்?"

"சொல்லு."

குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. மூச்சு இல்லை.

"ஓம் எண்டு சொல்லுடி."

அம்மா என்னை 'டி' போட்டதே இல்லை.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. பயத்தால் அல்ல. களைப்பால். அம்மா நோயில் விழுந்த எட்டு மாதமாக, ஃபோன் அடிக்கும்போதெல்லாம் செத்துப் பிழைத்தவள் நான். முடியட்டுமே என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். அவளை அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தது.

பல்லைக் கடித்தேன்.

"சொல்லு."

கடித்தபடியே இருந்தேன்.

"சொல்லு… சொல்லு… சொல்லு…"

வீட்டு ஃபோன் அடித்தது.

மறு கையால் எடுத்தேன். றொஷான்.

"அக்கா, இன்னும் கொண்டுபோகேல்ல. ஆறரைக்குத்தானாம். அம்மாவோட கதைக்க ஏலாதக்கா."

"இப்பதானே கதைச்சவ."

"என்ன விசர்க் கதை? ராத்திரி ஊசி போட்டது. கண்ணே திறக்கேல்ல. நான் பக்கத்திலதான் நிக்கிறன்."

என் மற்றக் காதில்…

டிக்.

அம்மா பிழைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில், அதே காலை, அதே ஒப்பரேசனுக்குக் காத்திருந்த வேறொரு அம்மா மேசையிலேயே போய்விட்டார் என்று றொஷான் பிறகு சொன்னான். அவரின் மகள் றோசலின் இங்கேதான், மொன்றியலின் ரொக்ஸ்பரோ பக்கம் இருக்கிறாளாம். என் இலக்கத்தை அவளுக்குக் கொடுத்திருந்தான்.

இரண்டு கிழமை கழித்து அவள் என்னைத் தேடி வந்தாள். மெத்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடை. கோட்டைக் கழற்றாமலே இருந்தாள்.

"உங்கட தம்பி எல்லாம் சொன்னவர். நானும் அதைத்தான் போட்டிருந்தனான்."

"எதை?"

"அந்த மணிக்கூட்டை. எனக்கும் அம்மா ஃபோன் எடுத்தவ. ஓம் எண்டு சொல்லு எண்டா. அம்மா கேக்கிறா எண்டு… சொல்லிப்போட்டன் அக்கா."



"சொன்ன கையோட அது ஃபோனில இருந்து போயிட்டு. தானாவே. எவ்வளவு தேடியும் கிடைக்கேல்ல. உங்களுக்கு?"

என் கண் கைப்பைக்குப் போனது. அன்றிலிருந்து அதை எத்தனை தரம் அழித்திருப்பேன், போகவில்லை.

"இருக்கு, என்ன? ஒருக்காத் தாங்கோ. அது எடுக்கேக்க நான் இல்லை எண்டு சொல்லோணும். சொன்னதைத் திருப்பி வாங்கோணும்."

"அது இனி உங்கட அம்மாவுக்காக எடுக்காது, றோசலின்."

"உங்கட அம்மா இருக்கிறா. நீங்க கதைப்பீங்க." அவள் கண்ணில் ஈரம் இல்லை, பகை இருந்தது. மேசைமேல் கையை நீட்டினாள். "தாங்கோ."

அவள் வாயைப் பார்த்தேன்.

ஒருமுறை ஓம் சொன்ன வாய் அது; இனி அந்த மணிக்கூடு கேட்கப்போவதோ என் அம்மாவுக்காக.

கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"தரமாட்டன்," என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.