சுஹைரின் பன்னிரண்டு குழிகள்

2019 ஒக்ரோபர் 7. குழி 12. சிலந்தி 31. வளர்ந்தவை 4. மழை 11.2 மி.மீ.
2019 ஒக்ரோபர் 14. குழி 12. சிலந்தி 26. வளர்ந்தவை 2. மழை 38.6.
2019 ஒக்ரோபர் 21. குழி 9 (மூன்றில் வெள்ளம்). சிலந்தி 17. வளர்ந்தது 1. மழை 94.0.
2019 ஒக்ரோபர் 28. குழி 12. சிலந்தி 22. வளர்ந்தவை 5. மழை 20.4.
2019 நவம்பர் 4. குழி 12. சிலந்தி 19. வளர்ந்தவை 3. அவற்றில் ஓர் ஆண் எந்தப் பட்டியலிலும் இல்லாதது. மழை 6.8.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு என் கேற்றடியில் சைக்கிள் மணி ஒருமுறை அடிக்கும். சுஹைர் இரண்டாம் முறை அடிப்பதில்லை. உள்ளே வருவதும் இல்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, “மழை ஐயா, இந்தக் கிழமை எவ்வளவு?” என்று கேட்பார். நான் கொப்பியைப் பார்த்துச் சொல்வேன். அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய்விடுவார்.

நான் வானிலை நிலையத்தில் முப்பத்தாறு வருடம் அவதானிப்பாளராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு வளவில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். சுஹைருக்கு மழைக் கணக்கு வேண்டியிருப்பது சிலந்திகளுக்காக. மழை கூடினால் அவருடைய குழிகள் நிரம்பிவிடும். நிரம்பிய குழியின் எண்ணிக்கையை வற்றிய குழியின் எண்ணிக்கையோடு ஒப்பிடக் கூடாது என்பது அவர் வைத்திருக்கும் சட்டம்.

சுஹைருக்கு வயது நாற்பத்தெட்டு. தொழில் கைத்தொலைபேசி திருத்துவது. ஆஸ்பத்திரி வீதிக்குப் பக்கத்தில் நாலடி அகலக் கடை, அதற்குப் பின்னால் வாடகை அறை, அறையில் மனைவி நிஹ்லா. கடையில் பெறுமதியான சாமான் ஒன்றுதான், ஒரு நுணுக்குக்காட்டி. காலையில் அதன் கீழ் தொலைபேசியின் பச்சைத் தகடு கிடக்கும். மத்தியானம் ஒரு மணிக்குக் கதவை அரைவாசி இழுத்துவிட்டால் அதே இடத்தில் சிலந்தி கிடக்கும். இரண்டையும் பிடித்துத் தூக்குவது ஒரே சாவணம்தான்.

அந்த நேரம் பார்த்து வந்த ஒரு இளைஞன் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணை, என்ரை போனுக்கை சிலந்தியோ இருந்தது?” என்று கேட்டான்.

“இல்லைத் தம்பி. உம்மடை போனுக்கை கரப்பொத்தான். சிலந்தி குடியிருக்கிறதுக்கு ஒரு மரியாதையான இடம் வேணும்.”

அவர் தேடுபவை தரைச் சிலந்திகள். வலை பின்னாதவை. பகலில் ஓட்டுக்கும் கல்லுக்கும் கீழே ஒரு நூற்பைக்குள் படுத்திருந்து, இருட்டிய பின் நிலத்தில் ஓடி இரை பிடிப்பவை. யோகட் கோப்பையை அதன் விளிம்பு மண்ணோடு மட்டமாக வரும்படி புதைத்து, உப்புத் தண்ணீரும் ஒரு துளி சவர்க்காரமும் விட்டால், ஓடும் சிலந்தி விழுந்துவிடும். ஒரு இடத்துக்குப் பன்னிரண்டு கோப்பை. கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

நீர்வேலியில் வாழைத் தோட்டக்காரர் சுரேஸ் முதல் நாளே மறித்துவிட்டார். “என்ன காணும், தோட்டத்துக்கை எதைத் தாட்டு வைச்சிருக்கிறீர்?”

“யோகட் கப் அண்ணை.”

“யோகட் எங்கை?”

“அது வயித்துக்கை.”

தொண்டைமானாற்று மணலில் மறித்தவர்கள் இரண்டு இராணுவச் சிப்பாய்கள். ஒருவன் கோப்பையைக் கிண்டி எடுத்து மணந்து பார்த்தான். பிறகு அவனே அதைத் திரும்பப் புதைத்தான். சுஹைர் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டுவார். “என்ன மட்டம் ஐயா! மண் கலைஞ்ச அடையாளமே இல்லை. நான் பத்து வருசம் தாட்டும் எனக்கு உது வரேல்லை. பழகின கை.”

முப்பத்தொரு சிலந்தி பிடித்தால் இருபத்தேழு பெயரில்லாமல் போத்தலுக்குள் போகும். ஆணின் முகத்தருகே இருக்கும் சிறு கைகளின் நுனி, பெண்ணின் வயிற்றடியில் இருக்கும் சிறு தகடு, இந்த இரண்டின் வடிவத்தை வைத்துத்தான் ஒரு இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கலாம். கடைசித் தோல் கழன்ற பிறகே அவை உருவாகும். “வளராததுக்குப் பேர் வைக்கேலாது” என்பார். அப்படிப்பட்டவற்றையும் எண்ணித்தான் போடுவார்.

குப்பிகளுக்குள் போடும் விபரத் துண்டுகளை நான் எழுதிக்கொடுத்தேன். வானிலைக் கொப்பியின் சிறிய கட்டங்களுக்குள் எழுதி எழுதி என் எழுத்து சிறுத்துவிட்டது. அது அவருக்குப் பிடித்திருந்தது. சிலந்தி கிடப்பது ஸ்பிரிற்றில்; மை கரைந்துவிடும், ஆகவே பென்சில். பிடித்த இடம், திகதி, பிடித்தவர். துண்டு குப்பிக்குள்ளேயே, சிலந்தியோடு கிடக்க வேண்டும். ஒருமுறை கிராமத்தின் பெயரைப் பிழையாக எழுதிவிட்டு அதை வெளியே எடுக்கப் போனேன். என் கையைப் பிடித்துவிட்டார்.

“போட்ட துண்டை எடுக்கக் கூடாது, மழை ஐயா. பிழையெண்டாலும் கிடக்கட்டும். சரியானதை எழுதிப் பக்கத்திலை போடுங்கோ. பிழை விட்டதும் ஒரு பதிவுதானே.”

சுஹைரின் வீடு சோனகத் தெருப் பக்கம் இருந்தது. அவருக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி ஆயுதத்தோடு வந்த இயக்கத்தார் சொன்னார்கள். அவருடைய குடும்பம் புத்தளத்துக்குப் போய் இருபத்தொரு வருடம் இருந்தது. “வாப்பா காணி உறுதியை அலுமாரியிலை வைச்சுப் பூட்டினவர். திறப்பைக் கவனமாக் கொண்டு வந்தவர். அலுமாரி வரேல்லை.” வாப்பா புத்தளத்தில் மவுத்தானார். அந்தத் திறப்பு இப்போது நுணுக்குக்காட்டி மேசை ஆடாமல் இருக்க அதன் ஒரு காலுக்குக் கீழே கிடக்கிறது.

2011இல் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை. மூன்று சுவர் நின்றது. நடு அறைக்குள் ஒரு வேம்பு நின்றது. கிராம அலுவலரிடம் அலைந்த கதையை அவர் விரல் மடித்துச் சொல்வார்: “வீடு இருந்தாப் பதிவு தருவினமாம். பதிவு இருந்தா வீட்டுத்திட்டம் தருவினமாம். உறுதி இருந்தா ரெண்டும் தருவினமாம். உறுதியின்ரை பிரதி எடுக்கிறதெண்டா, முதல் பதிவு வேணுமாம்.” நாலு விரலும் மடிந்ததும் கைமுட்டியைக் காட்டிச் சிரிப்பார்.

நிஹ்லாவுக்கு அது சிரிப்பில்லை. “எங்களுக்குக் கூரையில்லை. சிலந்திக்கு மட்டும் கண்ணாடி வீடு” என்று அறைக்குள் இருந்தே சொல்வார்.

ஒருநாள் சுஹைர் வழக்கத்துக்கு மாறாகச் சைக்கிளை விட்டு இறங்கினார். “ஐயா, தொண்ணூறாம் ஆண்டுக் கொப்பி கிடக்கோ? நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு மழையோ எண்டு பாக்க வேணும். எனக்கு நனைஞ்ச ஞாபகம். உம்மா இல்லையெண்டவ.”

நிலையத்துக் கொப்பியின் பிரதியை நான் வீட்டிலும் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அன்றைய வரியில், “துளி மழை, அளக்கும் அளவு இல்லை” என்று என் எழுத்தில் இருந்தது. அதற்கு அடுத்த நிரல் “குறிப்பு”. புயல், ஆலங்கட்டி, வழமைக்கு மாறான எதுவும் நடந்தால் எழுதும் இடம். நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. சுஹைர் அந்த வெறும் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். “நனைஞ்சது சரிதான்” என்று கொப்பியைத் தந்துவிட்டுப் போனார்.

நவம்பர் 4ஆம் திகதிப் பட்டியலில் உள்ள ஆண் சிலந்தி அந்த வீட்டின் நடு அறையில் விழுந்தது. டிசம்பரில் கிணற்றடியில் மூன்று பெண்கள் விழுந்தன. புதிய இனம் என்று சொல்ல இரண்டு பாலும் வேண்டும் என்பதும் அவருடைய சட்டம்; இரண்டும் கிடைத்துவிட்டன. அடுத்த இரண்டு வருடமும், கடை பூட்டிக் கிடந்த கொரோனா மாதங்கள் உட்பட, அவர் உலகப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு நெருங்கிய இனத்தோடும் ஒப்பிட்டு, காலில் உள்ள முள் வரை எண்ணி, நாற்பத்தாறு படம் வரைந்தார். என்ன பெயர் வைப்பதென்று அவர் அதிகம் யோசிக்கவில்லை.

“பேர் மாறும் ஐயா. பின்னாலை வாறவன் வேறை பேரினத்துக்குக் கொண்டுபோவான். ஆனா முதல் பிடிச்ச இடமெண்டு அச்சடிச்ச வரி மாறாது. நூறு வருசத்துக்குப் பிறகும் ஒருத்தன் வாசிக்க வேணும்: யாழ்ப்பாணம், சோனகத் தெரு, இடிஞ்ச வீடு, நடு அறை. பிடிச்சது சுஹைர். உறுதி இல்லாட்டி என்ன, அந்த வரி காணும்.”

அந்த வரி அச்சாகவில்லை. அதற்குக் காரணம் என் கையெழுத்து.

சிலந்தி பிடிக்கவும் வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்பவும் அனுமதிப் பத்திரம் வேண்டும். 2018 மார்ச் 12ஆம் திகதி அதற்கான விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில், “யாழ்ப்பாணம் எண்டு போடுங்கோ” என்றார்.

“அடையாள அட்டையிலை புத்தளம் எண்டெல்லோ கிடக்கு, தம்பி. இல்லாததை நான் எழுதமாட்டன்.”

“இல்லாததோ?” என்று கேட்டார்.

புத்தளம் என்று எழுதினேன். பிடிக்கும் இடத்துக்கென்று தனி நிரல் இருக்கவில்லை. ஆகவே யாழ்ப்பாணம் என்பதைக் கடைசியில் இருந்த “குறிப்பு” என்ற கட்டத்தில் எழுதினேன். அந்தக் கட்டத்தை எவரும் வாசிப்பதில்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2019 ஓகஸ்ட் 19ஆம் திகதி பத்திரம் வந்தது. அனுமதிக்கப்பட்ட மாவட்டம்: புத்தளம். திருத்துவதென்றால் இன்னும் ஒரு வருடம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மாரி தொடங்க இருந்தது. அந்தச் சிலந்திகள் வளர்வது மாரியில் மட்டும்தான். “துண்டிலை இடம் சரியாக் கிடந்தாக் காணும், தம்பி” என்று சொன்னவனும் நான்தான். அவர் கோப்பைகளைப் புதைத்தார்.

2022 ஜூன் 13ஆம் திகதி, கட்டுரையையும் சிலந்திகளையும் அவர் அனுப்பியிருந்த அருங்காட்சியகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. படங்கள் சிறப்பு, இனம் புதியது, சந்தேகமில்லை. ஆனால் துண்டில் யாழ்ப்பாணம், அனுமதியில் புத்தளம். அனுமதியில்லாத மாவட்டத்தில் பிடித்ததை அச்சிட முடியாது. புத்தளத்தில் பிடித்தது என்று உறுதிப்படுத்தினால் தங்கள் அடுத்த இதழிலேயே வரும். இல்லையென்றால் கட்டுரையைத் திருப்பி எடுக்க வேண்டும்.

நான் கடையில் இருந்தேன். நிஹ்லா வாசலில் வந்து நின்றார். “போடுங்கோவன் புத்தளம் எண்டு. இருபத்தொரு வருசம் அந்த மண்ணிலைதானே சோறு திண்டனாங்கள். அந்த நன்றிக்கெண்டாலும் போடலாம்.”

“அந்த நன்றிக்குத்தான் போடமாட்டன், நிஹ்லா. சோறு போட்ட சனத்துக்குக் கள்ளச் சாமான் குடுக்கிறதோ? உந்தச் சிலந்தி ஒருநாளும் அங்கை இருக்கேல்லை. நாங்கள்தான் இருந்தனாங்கள்.”

“அப்ப நாலு வருசம்?”

“நாலு வருசம் போட்டும்.”

பிடித்தது யாழ்ப்பாணத்தில்தான் என்று ஒரு விரலால் தட்டி அனுப்பினார். கட்டுரை திரும்பி வந்தது. மாதிரிகள் அங்கேயே இருந்தன. அனுமதிப் பத்திரத்தைத் திருத்தும்படி நான் மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது: “கவனத்தில் எடுக்கப்பட்டது.”

அடுத்த திங்கட்கிழமையும் ஆறரைக்கு மணி ஒருமுறை அடித்தது. “மழை ஐயா, எவ்வளவு?” நான் சொன்னேன். ஆனால் அன்றிலிருந்து துண்டுகளை அவர் என்னிடம் தரவில்லை. தானே எழுதினார். அவருடைய எழுத்து பெரிது. ஒரு துண்டுக்குள் திகதியும் இடமும் அடங்குவதில்லை. இருபது மாதம் நான் பென்சிலைச் சீவவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை, காலையில் வந்து போனவர், மத்தியானமும் வந்தார். மணி அடிக்கவில்லை. கேற்றைத் திறந்து உள்ளே வந்து, என் மேசையில் ஒரு சிறிய பெட்டியை வைத்துப் பிரித்தார். மேலே கடிதம். ஒரு பக்கம்தான். அதே சிலந்தியை எதிர்க் கரையில், இந்தியாவில், வேறு சிலர் பிடித்துவிட்டார்கள். பெயரும் வைத்து அச்சிட்டுவிட்டார்கள். முதல் பிடித்த இடம் அந்தக் கரை. உங்கள் மாதிரிகளை, இடம் நிச்சயமற்றவை என்ற குறிப்போடு, நன்றியுடன் திருப்பி அனுப்புகிறோம்.

கடிதத்தின் கீழே பஞ்சுக்குள் குப்பி இருந்தது. சிலந்தியின் ஒரு கால் கழன்று தனியாக மிதந்தது. சாவணத்தால் துண்டுகளை எடுத்து வரிசையாக வைத்தார். ஒன்று நான் எழுதியது, பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. மற்றது அவர்கள் அச்சடித்துப் போட்டது: இலங்கை, புத்தளம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதைக் கசக்குவார் என்று பார்த்தேன். இரண்டையும் திரும்பக் குப்பிக்குள் போட்டார்.

கடித உறையின் ஓரத்திலிருந்து அதே அளவில் ஒரு துண்டு வெட்டினார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, துண்டோடு சேர்த்து என் பக்கம் தள்ளினார்.

“கடைசித் துண்டு உங்கடை எழுத்திலை கிடக்கட்டும்.”

“என்ன எழுத, தம்பி?”

“கடிதம் வந்த திகதி. குறிப்பு ஒண்டும் வேண்டாம்.”

நான் பென்சிலைச் சீவி எழுதினேன்.

2024 பெப்ரவரி 19.