பங்க்கில் நிற்காத கார்

என் ஓரகத்தியின் காருக்கு நம்பர் பலகை பச்சை. அந்தப் பச்சை கண்ணில் பட்டாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பொறாமைதான். அடுத்த வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்ததென்று அம்மிக் குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டவளைப் பற்றிச் சொல்வார்கள். அவளுக்காவது அடுத்த வீடு. எனக்கு என் கணவரின் தம்பி மனைவி, இரண்டு தெரு தள்ளி.

எங்கள் குடும்பத்தில் முதலில் கார் ஓட்டிய பெண் நான். காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொருளியல் எடுக்கிறேன். வேலை நிரந்தரமானதும் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். என் கணவருக்கு இன்றுவரை ஸ்கூட்டர்தான் சரிப்படும். ஆகவே கல்யாணம், துக்கம், ஆஸ்பத்திரி எதுவானாலும் சாவி என் கையில் இருக்கும். எங்களோடு இருக்கும் மாமியாருக்கு முன் சீட்டு. வெள்ளிக்கிழமை கோவிலூர் கோயில், அவ்வப்போது புதுவயலில் அவருடைய தங்கை வீடு, முகூர்த்த மாதங்களில் கூப்பிடுகிற ஊரெல்லாம். கல்யாண வீட்டில் இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டே, "மூத்த மருமக ஓட்டிக்கிட்டு வந்தா" என்று சொல்வார். நான் காரைப் பூட்டுவது போல இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன். மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்று பழமொழி சொன்னவர்கள் எங்கள் காரில் ஏறிப் பார்த்ததில்லை.

அப்போதுதான் ஓரகத்தி வீட்டுக்கு அந்தப் பச்சைப் பலகை மின்சாரக் கார் வந்தது. சத்தம் இல்லை, புகை இல்லை. போர்டிகோவிலேயே ஒரு பெட்டியை மாட்டி, போனுக்குச் சார்ஜ் போடுவது போலப் போட்டுக்கொள்கிறாள். முதல் வெள்ளிக்கிழமை அவள் வந்து கூப்பிட்டபோது மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, புதுக் கார், ஆசையாகக் கூப்பிடுகிறாள், ஒரு தடவை போய் வருகிறேன் என்றார். அந்த ஒரு தடவை இன்னொரு தடவையாகி, பிறகு வழக்கமாகிவிட்டது. நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, நான் இஸ்திரி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு, வாசலில் போய் அவளுக்காக நிற்பார். அது சத்தமில்லாமல் வருகிற வண்டி என்பதால் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பார். என் காரின் முன் சீட்டில் என் சாப்பாட்டுப் பை உட்கார்ந்து பள்ளிக்கூடம் வந்தது.

மாமியாரை எடுத்துக்கொண்டாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே நான் ரோட்டைப் பிடித்துக்கொண்டேன். நான் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் வரி போகிறது. அவளோ பெட்ரோலும் போடுவதில்லை, வண்டி வாங்கியபோது சாலை வரியும் கட்டவில்லை. என் வரியில் போட்ட தாரில் அவள் வழுக்கிக்கொண்டு போகிறாள். நாளைக்கு எல்லாரும் இந்த வண்டிக்கு மாறிவிட்டால் ரோட்டுக்கு யார் காசு கொடுப்பது? இதை ஆசிரியர் அறையில் சொன்னேன். சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். கேள்வி நியாயமான கேள்விதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் என் ஓரகத்தி கார் வாங்கும்வரை அது எனக்குத் தோன்றியதில்லை.

பொங்கலுக்கு எங்கள் நகரில் பட்டிமன்றம் வைப்பார்கள். பேசுகிறவர்கள் பெரும்பாலும் தெருப் பிள்ளைகளும் ஓய்வு பெற்றவர்களும்தான். நடுவர் நாற்காலி இந்த முறை எனக்கு வந்தது. தலைப்பு நானே கொடுத்தேன்: மின்சார வண்டிக்கு ஓடும் தூரத்துக்குக் கட்டணம் வேண்டுமா, வேண்டாமா? குடும்ப வாழ்க்கையில் மகிழ்ச்சி யாரால் என்பது போன்ற தலைப்புக்குத் தயாராக இருந்த விழாக் குழு கொஞ்சம் முழித்தது. டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

நன்றாகவே பேசினார்கள். வேண்டும் அணியில் ஒரு பெண், தன் அப்பா மொபெட்டில் போய் இடியாப்பம் விற்பதாகவும், அவர் ஒவ்வொரு லிட்டருக்கும் வரி கட்டும்போது பெரிய மின்சாரக் கார்க்காரர் கட்டாமல் போவது என்ன கணக்கு என்றும் கேட்டாள். கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. பாட்டரியால் அந்தக் கார்கள் கனம் கூடியவை, ரோடு இன்னும் சீக்கிரம் தேயும் என்றார் ஒருவர். வேண்டாம் அணியிலிருந்து, நடக்கப் பழகுகிற பிள்ளையைத் தட்டிவிடலாமா, நாலு பேர் மாறட்டும், பிறகு கேட்கலாம் என்றார்கள். தூரத்தை அளப்பது எப்படி, வண்டியில் கருவி வைத்தால் நாம் எங்கே போகிறோம் வருகிறோம் என்பதெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரிந்துபோகாதா என்று கேட்ட ஓய்வு பெற்ற தாசில்தாருக்கும் நல்ல கைதட்டல்.

நான் இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டதாகப் பாவனை செய்தேன். தீர்ப்பு தலைப்புக் கொடுத்த அன்றே தயார். மூன்றாவது வரிசையில் மாமியாரும் பக்கத்திலேயே ஓரகத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியாரின் கைப்பை அவள் மடியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மைக்கைப் பிடித்தேன். ரோட்டில் ஓடுகிறவர் ரோட்டுக்குக் கொடுக்க வேண்டும், எவ்வளவு தூரம் ஓடுகிறாரோ அவ்வளவு தூரத்துக்கும் கட்ட வேண்டும், கோயிலுக்குப் போனாலும் சரி, சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் சரி என்று தீர்ப்பளித்தேன். கோயிலும் சொந்தக்காரர் வீடும் யாரும் பேசாத விஷயங்கள். நானாகச் சேர்த்துக்கொண்டேன். சொல்லி முடித்தபோது பல நாள் அடைத்திருந்த மூக்கு திறந்தது போல இருந்தது.

கீழே இறங்கியதும் ஓரகத்தி வந்தாள். முகம் சுண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். "நீங்க சொன்னது சரிதான்க்கா. கட்டச் சொன்னாக் கட்டிட்டுப் போறோம்" என்று சிரித்துவிட்டுப் போனாள். சண்டைக்கு வராதவளிடம் என்ன செய்ய முடியும்? அன்று சர்க்கரைப் பொங்கல் இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது மாமியார் முழங்கால் வலிக்கிறது, வரவில்லை என்றார். அதற்கடுத்த முறையும் ஏதோ காரணம் சொன்னார். ஓரகத்தி எனக்குப் போன் போட்டாள். "அயித்தைக்கு என் மேல எதுவும் கோவமாக்கா?" அவள் குரல் இறங்கியிருந்தது. எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. உள்ளே இனித்தது, அதுவும் உண்மை. காரைக் கழுவி, முன் சீட்டைத் தட்டிவிட்டு, சாப்பாட்டுப் பையைப் பின்னால் போட்டேன். மாமியார் என் காரிலும் ஏறவில்லை.

தேர்வுப் பணிக்காக ஒரு நாள் புதுவயல் போயிருந்தேன். திரும்பும்போது ரைஸ் மில்களுக்குப் போகிற லாரிகள் வரிசையாக மறித்து நின்றன. ஊர்ந்து ஊர்ந்து பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது பார்த்தால், மாமியார். ஒரு கையில் பை, இன்னொரு கையால் நிழற்குடையின் கம்பியைப் பிடித்திருந்தார். தலையில் தவிட்டுத் தூசி. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடினேன்.

"இங்குட்டு என்ன அயித்தை செய்யுறீக?"

தங்கை வீட்டுக்கு வந்தாராம். பஸ்ஸில்தான் வந்தாராம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, கண்டக்டரே கை கொடுத்து ஏற்றிவிட்டார் என்று பெருமையாகச் சொன்னார். கோவிலூருக்கும் இப்படித்தான் போய் வந்திருக்கிறார், நான் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து. சின்னவளைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன். எனக்கே அது விசித்திரமாகத்தான் இருந்தது.

"நீதானத்தா மைக்குல சொன்ன, ஓடுன தூரத்துக்கெல்லாம் காசு கட்டணும்னு. கோயிலுக்குப் போனாலும் கட்டணும்னு. எனக்காக அந்தப் புள்ள எதுக்குக் கட்டணும்?"

அது பட்டிமன்றம், சும்மா பேச்சு, அரசாங்கம் இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை என்று விளக்கினேன். நீ படிச்சவ, தெரியாமலா சொல்லுவ என்று விட்டுவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து நான் சொன்ன தீர்ப்பை அந்தக் கூட்டத்திலேயே நம்பியவர் அவர் ஒருவர்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாதக்கணக்காக என்னை அரித்த கேள்வி வேறு.

"சரி, அவ வண்டிதான் அப்புடி. என் வண்டிக்கு என்ன அயித்தை? எதுக்கு அதை விட்டுட்டு அவ வண்டியில ஏறுனீக?"

மாமியார் பையைக் கீழே வைத்தார். பிறகு, குறை சொல்கிற குரலே இல்லாமல், சொன்னார்.

"ஒன் வண்டியில ஏறுனா நீ பங்க்ல நிறுத்துவ. நிறுத்துறப்பயெல்லாம் அந்த மிசினப் பாத்து, இதுல இம்புட்டு வரி, அதுல அம்புட்டு வரின்னு பொலம்புவ. ஒருக்கா ரெண்டு தடவ இல்ல. என்னைய ஏத்திக்கிட்டு அலையுறதத்தான் சொல்லுறியோன்னு இருந்துச்சு. அவ வண்டிக்கு அது வேண்டாம்னாக. அதான் ஏறுனேன்."

நான் வரியைப் பற்றித்தான் பேசினேன். பெட்ரோல் விலையில் எது எண்ணெய், எது வரி என்று வகுப்பில் சொல்வது போல அவரிடம் சொல்லிக்கொண்டு வருவேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அவர்தான் இருந்தார். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதுவும் ஒரு புலம்பலாகத்தான் கேட்கும் என்று மூடிக்கொண்டேன்.

பஸ் வந்தது. மாமியார் பையைத் தூக்கினார். நான் போய் காரின் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பஸ்ஸையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"வாரேன். நான் இருக்கையில பங்க்ல மட்டும் நிறுத்தாத."

ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். தங்கை வீட்டில் கொடுத்த கொய்யாவின் வாசம் காருக்குள் நிறைந்தது. லாரிகளைத் தாண்டி வெளியே வந்ததும் ஒரு பச்சை நம்பர் கார், யாருடையதோ, எங்களைச் சத்தமில்லாமல் முந்திக்கொண்டு போனது. அதைப் பார்த்தும் வயிறு எரிந்தது, பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? என் வண்டியில் பெட்ரோல் முள் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பங்க் வந்தது. காலியாகத்தான் இருந்தது, ஊழியர் வரச்சொல்லிக் கையைக்கூட ஆட்டினார். நான் திருப்பவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அந்த முள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. மாமியார் அதைக் கவனித்துவிட்டு, என்ன அது எரியுது என்று கேட்டார்.

"அது சும்மா எரியும் அயித்தை" என்றேன்.